பழைய 407-க்குப் புதுத் தளம்: ஐந்து வழிகளும் அவற்றின் பாரமும்

பழைய டாடா 407 சிறு லாரி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. கியர் பெட்டிக்குக் குறையில்லை. பின்னால் இருக்கும் மரப் பாடிதான் உளுத்துப்போய்விட்டது. பழைய இரும்புக் கடையில், பெரிய லாரியிலிருந்து கழற்றிய தட்டைத் தளம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் வண்டி தாங்குமா?

தாங்கும். ஐந்து டன் மொத்த எடைக்குச் செய்த வண்டி முக்கால் டன் இரும்பைச் சுமக்காமல் என்ன? பட்டறையிலும் இதையேதான் சொல்வார்கள், சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஒரு தட்டுத் தட்டிவிட்டு. கேள்வியில்தான் கோளாறு. தளத்தைத் தாங்கிய பிறகு சரக்குக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சம் எந்த ஆக்சிலின் (சக்கர அச்சின்) தலையில் விழுகிறது என்று கேட்க வேண்டும். நான் பட்டறைக்காரன் இல்லை. லாரி அலுவலகத்தில் வரவு செலவு எழுதியே காலம் போனவன். ஆகவே எனக்குத் தளம் என்பது, வண்டி காலியாகத் திரும்பும்போதும் இறங்காத ஒரு சரக்கு. அதற்கு வாடகை கிடையாது.

எதை வைத்து அளப்பது

ஐந்து வழிகளை ஒப்பிடப் போகிறேன்: முழு மரம், முழு இரும்பு, இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அலுமினியம், பெரிய லாரியிலிருந்து கழற்றிய பழைய தளம். இவற்றை எடைபோட நான்கு அளவுகோல்கள் போதும்.

முதலாவது, மிச்ச எடை. ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தில் வண்டியின் மொத்த எடை போட்டிருக்கும். அதிலிருந்து தளம் இல்லாத வண்டியின் எடையையும் தளத்தின் எடையையும் கழித்தால் வருவதுதான் நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கு. வண்டியின் எடை என்னும்போது நிறைந்த டீசல் தொட்டி, ஓட்டுநர், உதவியாளர், மாற்று டயர், தார்ப்பாய், கயிறு எல்லாம் சேர்ந்துதான். தார்ப்பாயை மறப்பவர்கள் அதிகம். மழையில் நனைந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, எடை விழும் இடம். தளத்தின் நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அந்த விகிதத்தில்தான் முன் ஆக்சில் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 3 மீட்டர் என்றால், நடுப்புள்ளி 45 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும்போது முன் ஆக்சிலுக்கு 15 சதவீதம் போகும். 25 சென்டிமீட்டர்தான் முன்னால் என்றால் 8 சதவீதம். தளத்தை ஒரு சாண் பின்னால் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். தளத்தின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, நடுவைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அந்தக் குறிக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தால் போதும்.

மூன்றாவது, சேசிஸின் வயது. 407-இன் சேசிஸ் ஏணி போன்றது. மேடு பள்ளத்தில் அது சற்றே முறுக்கிக்கொடுக்க வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் முறுக்கவே முடியாத ஒரு தளத்தை வைத்துக் கட்டினால், முறுக்கு முழுவதும் தளம் தொடங்கும் இடத்தில், அதாவது கேபினுக்குப் பின்னால் ஒரு முழத்துக்குள் சேரும். விரிசலும் அங்கேதான் விழும். 20 ஆண்டு ஓடிய சேசிஸில் துருவும் சேர்ந்திருக்கும். ஆகவே தளத்தின் எடையைப் போலவே அதன் விறைப்பும் கணக்கில் வர வேண்டும்.

நான்காவது, நீங்கள் ஏற்றும் சரக்கு. வைக்கோலும் கயிற்று நாரும் ஏற்றுகிறவருக்கு இடம்தான் முதலில் தீரும், எடை தீராது. சிமெண்ட், செங்கல், கம்பி, தேங்காய் ஏற்றுகிறவருக்கு எடைதான் முதலில் தீரும். இருவருக்கும் ஒரே தளத்தைச் சிபாரிசு செய்கிறவரை நம்பாதீர்கள்.

ஸ்பிரிங் பட்டை தாழ்வதைப் பார்த்து முடிவு செய்வதை நான் அளவுகோலாகவே சேர்க்கவில்லை. கூடுதலாக இரண்டு பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஆக்சில், பேரிங், பிரேக் டிரம், டயர் எல்லாம் பழையவைதான். தாழ்கிற வண்டியாவது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பட்டை போட்டதும் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்.

இரும்பை எடை போடாமலே எடை போடுவது

தளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. அலுமினியம் 2.7 கிலோ. காய்ந்த கெட்டி மரம் 25 மில்லிமீட்டர் பலகையாக இருந்தால் சதுர மீட்டருக்கு 17 அல்லது 18 கிலோ. 75 மில்லிமீட்டர் சேனல் ('ப' வடிவ இரும்புச் சட்டம்) மீட்டருக்குச் சுமார் 7 கிலோ, 100 மில்லிமீட்டர் சேனல் ஒன்பதரை, 125 மில்லிமீட்டர் சேனல் 13. 50 மில்லிமீட்டர் ஆங்கிள் ('L' வடிவ இரும்புச் சட்டம்), 6 மில்லிமீட்டர் கனத்தில், நாலரை கிலோ.

10 அடி நீளம், ஆறரை அடி அகலம் என்றால் தளத்தின் பரப்பு 6 சதுர மீட்டர். 4 மில்லிமீட்டர் செக்கர் தகடு போட்டால், மேலே எழும்பியிருக்கும் கோடுகளின் எடையும் சேர்ந்து, தகடு மட்டும் 200 கிலோ. நீளவாக்கில் 100 மில்லிமீட்டர் சேனல் இரண்டு, 58 கிலோ. குறுக்கே 75 மில்லிமீட்டர் சேனல் ஏழு, 97 கிலோ. நான்கு விளிம்புக்கும் அதே சேனல், 70 கிலோ. கேபினைக் காக்கும் முன்தடுப்பு 55. மட்கார்டு, கொக்கி, யூ போல்ட் எல்லாம் சேர்த்து 30. பின்பக்கத் தடுப்பும் பக்கவாட்டுத் தடுப்பும் 40. கூட்டினால் 550 கிலோ.

பட்டறையில் மதிப்பீடு கேட்கும்போது இந்தப் பட்டியலை எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை நீளம், எந்த அளவுச் சேனல், தகடு எத்தனை மில்லிமீட்டர். எழுதித் தர மறுக்கிற இடத்தில் தளம் கட்டக் கொடுக்காமல் இருப்பது நல்லது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டுகிறவர்கள் பலரும் இந்த எண்களை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இனி வரும் கணக்குகளுக்கு என் மைத்துனரின் 2003 மாடல் வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அவர் காங்கேயம் பக்கம் தேங்காய் ஏற்றுகிறார். அவருடைய ஆர்.சி.யில் மொத்த எடை 5,300 கிலோ, முன் ஆக்சிலுக்கு 1,900, பின் ஆக்சிலுக்கு 3,600. பழைய பாடியைக் கழற்றிவிட்டு, ஆட்களோடும் டீசலோடும் எடை மேடையில் நிறுத்தியபோது 2,080 வந்தது. முன்னால் 1,330, பின்னால் 750. உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களை வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் மாறும்.

முழு மரத் தளம்

சட்டமும் மரம், தளமும் மரம், விளிம்பில் மட்டும் இரும்பு. நன்றாகக் காய்ந்த மரமாக இருந்தால் 390 கிலோவில் முடிந்துவிடும். 2,830 கிலோ சரக்குக்கு இடம் இருக்கிறது.

பழைய சேசிஸுக்கு இதைவிட இணக்கமான துணை இல்லை. சேசிஸ் முறுக்கினால் மரமும் கூட முறுக்கிக்கொடுக்கும். ஒரு பலகை உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். சரக்கு வழுக்காது, ஆப்பு அடித்து நிறுத்தலாம்.

மறைவான செலவு தண்ணீரில் இருக்கிறது. இந்தத் தளத்தில் மரம் மட்டும் 230 கிலோவுக்கு மேல். ஐப்பசி மழையில் நாள்கணக்கில் ஊறினால் 40, 50 கிலோ கூடிவிடும். பச்சை மரத்தில் செய்து கொடுத்தால் முதல் நாளே அந்தக் கூடுதல் இருக்கும், காயக் காயப் பலகை சுருங்கி போல்ட்டுகள் தளரும். தளம் போட்ட முதல் மாதத்தில் இரண்டு முறையாவது ஸ்பேனரோடு வண்டிக்கடியில் படுக்க வேண்டும். மரத் தளம் கட்டத் தெரிந்த ஆசாரிகள் குறைந்துகொண்டே வருவது இன்னொரு சிக்கல். மூட்டை, காய்கறி, வாழைத்தார் ஏற்றுகிற வண்டிக்கு இது இன்றும் சரியான தேர்வு. கல், இயந்திரம், உடைந்த இரும்பு ஏற்றினால் இரண்டு ஆண்டில் பலகை பல்லிளித்துவிடும்.

முழு இரும்புத் தளம்

மேலே கணக்கிட்ட 550 கிலோ இதுதான். சரக்குக்கு 2,670 மிச்சம்.

கருங்கல் போடலாம், மண்வெட்டியால் மணலை வாரலாம், சங்கிலியால் இயந்திரத்தை இழுத்து ஏற்றலாம். அந்த வகைச் சரக்கு உங்களுடையது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், இதையே போடுங்கள். ஆனால் தகட்டின் கனத்தில் பேராசை வேண்டாம். 5 மில்லிமீட்டருக்குப் பதில் 3 மில்லிமீட்டர் போட்டால் தகட்டில் மட்டும் கிட்டத்தட்ட 95 கிலோ மிச்சம். குறுக்குச் சட்டங்களைச் சற்று நெருக்கி வைத்தால் மெல்லிய தகடும் குழியாது. கனத் தகடு போட்டுச் சட்டத்தைக் குறைப்பது பட்டறைக்கு வேலை மிச்சம், உங்களுக்கு ஆயுள் முழுவதும் பாரம்.

விறைப்புதான் இதில் பெரிய ஆபத்து. தகட்டைச் சட்டத்தோடு விளிம்பு முழுக்க வெல்டிங் செய்து, அந்தச் சட்டத்தைச் சேசிஸோடு இறுக்கிக் கட்டினால், முன்பே சொன்ன முறுக்கு கேபினுக்குப் பின்னால் போய்ச் சேரும். இதைத் தணிக்க மூன்று காரியம் செய்ய வேண்டும். தகட்டைத் தொடர் வெல்டிங் செய்யாமல் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். தளத்தின் நீளச் சட்டத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே கெட்டி மரமோ ரப்பரோ பட்டையாகக் கொடுக்க வேண்டும். நீளச் சட்டத்தின் முன்முனையைச் செங்குத்தாக வெட்டாமல் கீழ்ப்புறம் சரிவாகச் சீவ வேண்டும், அந்த முனை சேசிஸைக் குத்தாமல் இருக்க. சேசிஸின் மேல்விளிம்பில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. யூ போல்ட் போடும் இடத்தில் சேசிஸ் சேனலுக்குள் ஒரு கட்டையை அடைத்துவிட்டு இறுக்கினால்தான் சேனல் நசுங்காது. இந்தக் கட்டை இல்லாமல் இறுக்கிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேசிஸின் விளிம்பு கடித்த பிஸ்கட் போல உள்வாங்கியிருக்கும்.

தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே தங்கும் நீர் இரும்புத் தளத்தை அடியிலிருந்து தின்னும். மேலே பளபளவென்று இருக்கும், கீழே உதிர்ந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலில் காய்கறி ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, அடி வரிசை வெந்துவிடும்.

இரும்புச் சட்டம், பலகைத் தளம்

சட்டம் இரும்பு, விளிம்புக்குச் சேனலுக்குப் பதில் ஆங்கிள், மேலே 25 மில்லிமீட்டர் பலகை. 430 கிலோ. சரக்குக்கு 2,790.

முழு மரத்தைவிட 40 கிலோதான் கூடுதல், முழு இரும்பைவிட 120 கிலோ குறைவு. பலகைகள் தனித்தனியாக இருப்பதால் தகடு போல விறைத்து நிற்காது. நனைந்து கனக்கும் மரமும் பாதிக்கும் குறைவு. பலகைக்குப் பதில் நீர் தாங்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் இன்னும் 35 கிலோ இறங்கும். ஆனால் வெட்டிய ஓரங்களையும் துளைகளையும் பூசி அடைக்காவிட்டால் அந்த ஓரத்திலிருந்தே ஊறிப் பிரியும்.

பலகையைப் பிடிக்கும் போல்ட்டுகள்தான் இதன் பலவீனம். தலை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மூட்டை கிழியும், ஆழமாகப் பதித்தால் அந்தக் குழியில் நீர் நிற்கும். ஆண்டுக்கொரு முறை நாலைந்து பலகை மாற்றும் செலவை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கலவையான சரக்கு ஏற்றும் பழைய 407-க்கு, என்னைக் கேட்டால், இதுதான்.

அலுமினியத் தளம்

260 கிலோ. சரக்குக்கு 2,960. எண்ணைப் பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் கிலோ விலை இரும்பைப்போலப் பல மடங்கு. வழியில் ஒரு வெடிப்பு விழுந்தால் சாலையோர வெல்டிங் கடையில் வேலை நடக்காது, ஆர்கான் வாயு வைத்துச் செய்கிறவரைத் தேட வேண்டும். அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். ஆகவே ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் பட்டை வேண்டும். புது வண்டியில், தினமும் எடை நிறைய ஓடுகிறவருக்கு முதலீடு திரும்பிவிடும். 20 வயது வண்டியில் தளம் வண்டியைவிட அதிக நாள் வாழும். அதைக் கழற்றி அடுத்த வண்டியில் போடும் திட்டம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பெரிய லாரியிலிருந்து கழற்றிய பழைய தளம்

கேள்வி தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். என் மைத்துனரும் இதைத்தான் வாங்கினார், நான் ஊரில் இல்லாத வாரத்தில். நல்ல தளம்தான். துரு இல்லை, வளைவு இல்லை. 10 அடிக்கு வெட்டி, அகலத்தையும் குறைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அது பத்து டன் சரக்கை நினைத்துச் செய்தது. 5 மில்லிமீட்டர் தகடு, 245 கிலோ. நீளச் சட்டம் 125 மில்லிமீட்டர் சேனல், 79. குறுக்கே 100 மில்லிமீட்டர் சேனல், 132. விளிம்புக்கும் அதே சேனல், 96. கெட்டியான முன்தடுப்பு, 90. மற்றவை 70. மொத்தம் 710 கிலோவுக்கு மேல். நீளத்தையும் அகலத்தையும்தான் வெட்ட முடியும். கனத்தை எதைக்கொண்டு வெட்டுவது?

போதாக்குறைக்கு அந்த முன்தடுப்பு தடிமனாக இருந்ததால், கேபினில் இடிக்காமல் இருக்கத் தளத்தை ஒரு சாண் பின்னால் நகர்த்திப் பூட்டியிருந்தார்கள். நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு 25 சென்டிமீட்டர்தான் முன்னால் இருந்தது. மோட்டார் வாகன விதி அனுமதிக்கும் பின்நீட்டத்துக்குள்தான் அது இருந்தது. ஆக்சில்களுக்கு இடையிலான தூரத்தில் 60 சதவீதம் வரை பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீளலாம் என்பது விதி. விதிக்குள் இருந்துகொண்டே வண்டியைக் கெடுக்க முடியும் என்பதற்கு இது உதாரணம்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு, சுமை ஏற்றினால் ஸ்டீயரிங் இலவம்பஞ்சாகத் திரும்புகிறது என்று சொன்னார், ஏதோ வண்டி மேம்பட்டதுபோல. விடியற்காலையில் எடை மேடைக்கு அழைத்துப்போனேன். மேடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தளத்தில் ஏதாவது மறந்து வைத்துவிட்டீர்களா என்று கேட்டார். காலி வண்டி 2,790 காட்டியது. சட்டப்படி ஏற்றக்கூடிய 2,510 கிலோ தேங்காயை ஏற்றிக்கொண்டு மறுபடி வந்தோம். மொத்தம் சரியாக 5,300. மைத்துனருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம். 3,700. பின் ஆக்சிலின் வரம்பு 3,600.

மொத்த எடை சரியாக இருந்தும் பின் ஆக்சில் 100 கிலோ மிஞ்சி நின்றது. முன்னால் 1,600தான் இருந்தது, 300 கிலோ இடம் சும்மா கிடந்தது. ஸ்டீயரிங் லேசாகத் திரும்பிய ரகசியம் அதுதான். முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கவில்லை. ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் போட்டுத் திருப்ப வேண்டிய நாளில் அது தெரிந்திருக்கும். பலகைத் தளத்தை 45 சென்டிமீட்டர் முன்னால் நடுப்புள்ளி வரும்படி பூட்டி, 2,790 கிலோ ஏற்றினால் பின் ஆக்சிலில் சுமார் 3,490தான் வரும். சரக்கு 280 கிலோ கூடுதல், பின் ஆக்சிலில் 200 கிலோ குறைவு.

அந்த 280 கிலோவைப் பணமாகப் பாருங்கள். மாதம் இருபது நடை என்றால் ஐந்தரை டன்னுக்கு மேல். அதை ஏற்றி முடிக்க இன்னும் இரண்டு நடைக்கு மேல் ஓட வேண்டும். அந்த டீசல், ஓட்டுநர் பேட்டா, டயர் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டினால், பழைய இரும்புக் கடையில் மிச்சம் பிடித்த தொகை எத்தனை மாதத்தில் கரையும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தத் தளம் யாருக்குப் பொருந்தும்? மில்லுக்குள்ளேயே, குவாரிக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடும் வண்டிக்கு. அல்லது நார், பஞ்சு போல இடம் நிறைந்தும் எடை ஏறாத சரக்குக்கு. அப்போதும் 5 மில்லிமீட்டர் தகட்டைப் பெயர்த்து விற்றுவிட்டுப் பலகை போட்டால் 570 கிலோவுக்கு இறங்கிவிடும். வாங்குகிற விலை உண்மையிலேயே அடிமாட்டு விலையாக இருந்தால் அது மோசமான வழி இல்லை.

ஒரே பார்வையில்

| தளம் | பாரம், கிலோ | சரக்குக்கு மிச்சம், கிலோ | பொருந்தும் சரக்கு | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| முழு மரம் | 390 | 2,830 | மூட்டை, காய்கறி, வாழைத்தார் | மழையில் ஏறும் எடை, தளரும் போல்ட் |
| முழு இரும்பு, 4 மி.மீ. | 550 | 2,670 | கல், மணல், இயந்திரம் | சேசிஸ் விரிசல், அடித்துரு |
| இரும்புச் சட்டம், பலகை | 430 | 2,790 | கலவையான சரக்கு | ஆண்டுக்குச் சில பலகைகள் |
| அலுமினியம் | 260 | 2,960 | தினமும் எடை நிறையும் புது வண்டி | விலை, பழுது பார்க்கும் இடம் |
| பெரிய லாரியின் பழைய தளம் | 710 | 2,510 | குறைந்த தூரம், எடையற்ற சரக்கு | ஒவ்வொரு நடையிலும் இழக்கும் சரக்கு |

பணம் கொடுக்கும் முன்

பழைய பாடியைக் கழற்றிய அன்றுதான் சேசிஸை முழுதாகப் பார்க்கக் கிடைக்கும். வருடக்கணக்கில் கிடைக்காத வாய்ப்பு அது, அவசரப்பட்டுப் புதுத் தளத்தை ஏற்றிவிடாதீர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டி, நடுவில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் தாங்கிகள் பூட்டியிருக்கும் இடம், கேபினுக்குப் பின்னால், பழைய யூ போல்ட் தடங்கள் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் பொத்தென்று அடங்கும். பொத்தென்று அடங்கும் இடம் ஒரு கையளவுக்கு மேல் இருந்தால் எந்தத் தளத்துக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். அது வேறு கணக்கு.

டயரின் பக்கவாட்டில் அது தாங்கும் எடை இரண்டு விதமாக எழுதியிருக்கும், தனியாக ஓடினால் ஒன்று, ஜோடியாக ஓடினால் ஒன்று. ஜோடிக்கான எண் குறைவு. பின் சக்கரங்களுக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

2018 ஜூலையில் இரண்டு ஆக்சில் கனரக லாரிகளின் எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக மத்திய அரசு உயர்த்தியதைச் சொல்லி, எல்லா வண்டிக்கும் வரம்பு ஏறிவிட்டது என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2003-இல் வாங்கிய 407-இன் ஆக்சில் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை. உங்கள் ஆர்.சி.யில் உள்ள எண்தான் உங்கள் எண். மிஞ்சினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். தளம் கனத்தால், முன்பு ஏற்றிய அதே சரக்கை ஏற்றியே இந்த வலையில் மாட்டுவீர்கள்.

தளத்தை மாற்றினால் காலி எடை மாறும், பாடியின் வகையும் மாறும். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படியான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதி வாங்கி, எடை மேடைச் சீட்டோடு ஆர்.சி.யில் திருத்திக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதால், இந்த வேலையை எஃப்.சி.க்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டால் அலைச்சல் ஒருமுறையோடு போகும். பின்தடுப்பும் பக்கத் தடுப்பும் எடை கூட்டுகின்றன என்று கழற்றிவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அடியில் புகாமல் இருக்கத்தான் அவை இருக்கின்றன.

புதுத் தளம் ஏறியதும் எடை மேடையில் ஆறு சீட்டு எடுங்கள். காலியாக மொத்தம், முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும். பிறகு சரக்கோடு அதே மூன்று. மேடைக்கு ஏறும் இடமும் இறங்கும் இடமும் சமதளமாக உள்ள மேடையாகப் பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் ஆக்சில் கணக்கு பொய் சொல்லும்.

மைத்துனர் கடைசியில் பலகைத் தளத்துக்கு மாறிவிட்டார். 710 கிலோ தளத்தை விற்ற கடைக்காரரே திரும்ப எடுக்கக் கேட்ட விலை மனதுக்கு ஒப்பவில்லை. தென்னந்தோப்புக்குள் நுழையும் இடத்தில், வாய்க்காலின் மேல் அதைக் குறுக்கே போட்டுவிட்டார். தேங்காய் ஏற்றிய 407 தினமும் அதன்மேல் ஏறித்தான் சாலைக்கு வருகிறது. தளம் அசைவதே இல்லை.